லாப்ரடார் குட்டிக்காக எஸ்.ஐ.பி.யை நிறுத்தலாமா?

கேள்வி: கரூரில் வசிக்கிறோம். நானும் கணவரும் சேர்ந்து மாதம் 70,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். வீட்டுக்கடன் தவணை 21,000. மகளின் படிப்புக்காக எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) 5,000. பிள்ளைகள் லாப்ரடார் நாய் கேட்கிறார்கள். குட்டியின் விலை 20,000. எஸ்.ஐ.பி.யை நான்கு மாதம் நிறுத்திவிட்டு வாங்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. குட்டியின் விலையை ஒருமுறைதான் கொடுப்பீர்கள். பட்ஜெட்டில் துண்டு விழுவது அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வரும் மாதச் செலவால்தான்.

வளர்ந்த லாப்ரடார் சுமார் 30 கிலோ இருக்கும். நாளுக்கு 350 கிராம் தீனி, கிலோ 300 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 3,150 ரூபாய். உண்ணி மருந்தும் குடற்புழு மருந்தும் எடைக்கேற்பத்தான். தடுப்பூசியையும் சேர்த்து மாதம் 5,000 ஒதுக்குங்கள். மீந்த சாம்பார் சாதத்தால் இதைக் குறைக்க நினைக்க வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

உண்மையான சேமிப்பு தீனியின் அளவில் இருக்கிறது. மீனவர்களோடு கடலில் வேலை செய்த நாய்களின் வழி வந்த இனம் இது. எவ்வளவு போட்டாலும் தின்னும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஈற்று லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் உணவை 25 சதவீதம் குறைத்தார்கள். குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானத்துக்கான சிகிச்சையும் குறைவாக உண்டவற்றுக்குப் பிந்தியே தேவைப்பட்டது. ஆகவே தீனியைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். விலாவைத் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பிள்ளைகள் கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குட்டி விற்பவரிடம் தாய், தந்தை நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். காட்டுபவரிடம் 5,000 கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். இடுப்பு மூட்டுக் கோளாறு பெரும்பாலும் பரம்பரையாக வருவது, அறுவைச் சிகிச்சைக்குச் செலவு அதிகம். காப்பீடு எடுத்தால் பரம்பரை நோய்களுக்கு விலக்கு உண்டா என்று முதலில் பாருங்கள். சிகிச்சைக்கு நாமக்கல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான்.

இப்போது குட்டி வேண்டாம். வங்கியில் மாதம் 5,000 ரூபாய்க்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். ஆறு தவணையும் கைமாற்று வாங்காமல் கட்ட முடிந்தால் நாய் உங்களுக்குத் தாங்கும். சேர்ந்த 30,000 அதன் மருத்துவ நிதி. குட்டியின் விலையைப் போனஸிலிருந்து கொடுங்கள். வளர்க்க முடியாமல் யாராவது வளர்ந்த லாப்ரடாரைக் கொடுக்க முன்வந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். சாதுவான நாய்தான், ஆனால் நாள் முழுக்கத் தனியே பூட்டி வைத்தால் வாடிவிடும். காலையும் மாலையும் நடக்க அழைத்துச் செல்ல ஆள் வைப்பதாக இருந்தால், ஆர்.டி.யை 7,000 ரூபாயில் தொடங்குங்கள்.