இரு திசையிலும் ஓடுவதை அளக்க எந்த சிக்னல்?

கேள்வி: பரங்கிப்பேட்டை பக்கம் வெள்ளாற்றை ஒட்டி இறால் குட்டை வைத்திருக்கிறேன். ஒரே குழாயில்தான் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வருகிறது, வற்றத்தில் வெளியே போகிறது. இரண்டையும் அளக்க மின்காந்த ஃப்ளோ மீட்டர் வாங்கப் போகிறேன். மீட்டர் தன் அளவைப் பேனலுக்கு அனுப்பும் சிக்னல் 0–10 வோல்ட், ±10 வோல்ட், 4–20 மில்லிஆம்ப் என்று மூன்று விதமாகக் கொட்டேஷன் வந்திருக்கிறது. பேனல் இருக்கும் ஷெட் 150 மீட்டர் தள்ளி. எதை வாங்கலாம்?

பதில்: 4–20 மில்லிஆம்ப் வாங்குங்கள். ஆனால் அதில் ஜீரோ எங்கே நிற்கும் என்பதை ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

ஒரு திசை மீட்டரில் 4 மில்லிஆம்ப் என்றால் ஓட்டம் இல்லை என்று பொருள். உங்களுக்கு அது ஒத்துவராது. மணிக்கு −100 முதல் +100 கனமீட்டர் வரை என்று வைத்தால், 4 என்பது முழு வேகத்தில் வெளியே, 20 முழு வேகத்தில் உள்ளே, 12 தான் ஜீரோ. ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் இடைவெளியில் தண்ணீர் அசையாமல் நிற்குமே, அப்போது பேனல் 12ஐக் காட்ட வேண்டும். இப்படி அமைக்காமல் வந்த மீட்டர், வற்றம் முழுவதும் 4லேயே கிடக்கலாம். அதைவிட மோசம், திசை பார்க்காமல் அளவை மட்டும் அனுப்பும் அமைப்பு. வெளியே போன தண்ணீரையும் உள்ளே வந்ததாகக் கூட்டிவிடும்.

±10 வோல்ட் பார்க்கச் சுலபம்: பிளஸ் உள்ளே, மைனஸ் வெளியே. வயரை எலி கடித்தால் என்ன ஆகும்? பேனலில் 0 வோல்ட் அல்லது அதை ஒட்டிய ஏதோ ஓர் எண்தான் தெரியும். தண்ணீர் நிற்கிறதா, வயர் அறுந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 5 வோல்ட்டை ஜீரோவாக வைத்த 0–10ல், அறுந்த வயர் முழு வேகத்தில் வெளியேறுவதாகக் காட்டக்கூடும். 4–20ல் வயர் அறுந்தால் 0 மில்லிஆம்ப். நல்ல நிலையில் அந்த அளவு வரவே வராது, அதனால் 3.6க்குக் கீழே போனாலே அலாரம் அடிக்கும்படி வைக்கலாம். 150 மீட்டர் ஓடும் வோல்ட் சிக்னலில், ஏரேட்டர் மோட்டாருக்கு வேகத்தை மாற்றும் டிரைவ் போட்டிருந்தால் இரைச்சலும் ஏறும். கரண்ட் சிக்னலை அது அவ்வளவாகப் பாதிக்காது. இன்னொன்று, பேனலில் சிக்னலை வாங்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியில், விலை குறைந்த பல கார்டுகள் மைனஸ் வோல்ட்டை எடுக்காது.

4–20க்கும் ஒரு குறை உண்டு. 16 மில்லிஆம்ப் இரண்டு திசைக்கும் பங்கு போவதால் ஒவ்வொரு பக்கமும் 8தான் மிஞ்சும். ஜீரோ 0.02 மில்லிஆம்ப் நகர்ந்தாலே மணிக்கு 0.25 கனமீட்டர் பொய்க் கணக்கு. நாள் முழுக்கக் கூட்டினால் 6,000 லிட்டர்! அதனால் பொருத்திய அன்றே, குழாயில் தண்ணீர் நிரம்பியிருக்க வால்வை மூடி 12.00 வருகிறதா என்று பாருங்கள். மிகச் சிறிய ஓட்டத்தை ஜீரோவாக எடுத்துக்கொள்ளும் வசதி மீட்டரில் இருக்கும், அதையும் போடச் சொல்லுங்கள். வற்றத்திலும் குழாய் நிரம்பி நிற்கும் இடத்தில்தான் மீட்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் எந்த சிக்னல் வாங்கியும் பயனில்லை. மீட்டரைச் சரிபார்த்த காலிபரேஷன் சான்றிதழில் மைனஸ் பக்கத்தில், அதாவது வெளியே போகும் திசையில், சோதித்த புள்ளிகளும் இருக்கட்டும்.

கேள்வி: லாஸ்பேட்டையில் வீட்டு சோலார் பேட்டரிக்கு மின்னோட்டத்தை அளக்கும் 30 ஆம்ப் ஹால் சென்சார் வாங்கினேன். ஒன்றும் ஓடாதபோதே 2.5 வோல்ட் காட்டுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. ஏசிஎஸ்712 சிப் வகைதானே? சார்ஜ் ஒரு பக்கம், டிஸ்சார்ஜ் மறுபக்கம் என்பதால் சப்ளையில் பாதிதான் அதற்கு ஜீரோ. சப்ளையை அளந்து பாருங்கள். 5க்குப் பதில் 4.8 வோல்ட் இருந்தால் ஜீரோ 2.4க்கு இறங்கும். 30 ஆம்ப் மாடல் ஆம்புக்கு 66 மில்லிவோல்ட், ஆகவே அந்த 0.1 வோல்ட் இல்லாத 1.5 ஆம்பாகத் தெரியும். நிலையான 5 வோல்ட் சப்ளை கொடுங்கள், அல்லது சப்ளையையும் சேர்த்து அளந்து கணக்கிடுங்கள்.

கேள்வி: சேதராப்பட்டில் தனியாளாக ஸ்பிரிங் சோதிக்கிறேன். இழுவை, அழுத்தம் இரண்டும் காட்டும் என்று கொட்டேஷனில் எழுதிக் கொடுத்த லோட்செல் (விசையை அளக்கும் சென்சார்) செட் இழுவையை மட்டும்தான் காட்டுகிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். புகார் செய்யலாமா?

பதில்: செய்யலாம். வணிகத்துக்காக வாங்கியதற்கு 2019 நுகர்வோர் சட்டத்தில் பொதுவாக இடமில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் நீங்களும் நுகர்வோர்தான். முதலில் அளவைக் காட்டும் இண்டிகேட்டர் ஒரு திசைக்கு மட்டும் செட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் கொட்டேஷன், பில் இரண்டையும் வைத்துக் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். அப்புறம் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதற்கும் மசியவில்லையென்றால், கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.