கிராண்ட் பேயிலிருந்து மாயேபூருக்கு பஸ்ஸில்

மொரீஷியஸில் வடக்கே கிராண்ட் பேயில் அம்மாவோடு தங்கியிருக்கிறீர்கள், திங்கட்கிழமை தென்கிழக்கில் இருக்கும் மாயேபூர் சந்தைக்கு பஸ்ஸிலேயே போய்வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் ஒரே பஸ் கிடையாது, தலைநகர் போர்ட் லூயிஸில் மாற வேண்டும்.

எல்லாரும் தடுமாறுவது அங்கேதான். வடக்குப் பக்கத்து பஸ்கள் இம்மிக்ரேஷன் ஸ்கொயரில் இறக்கிவிடும். மாயேபூர் பஸ் கிளம்புவது விக்டோரியா நிலையத்தில். நடுவே நடைதான், வெயில் ஏறிவிட்டால் அம்மாவுக்குக் கஷ்டம், டாக்ஸி பிடித்துவிடுங்கள். நேரமிருந்தால், இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஆப்ரவாசி காட். அந்தக் காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் கப்பலில் வந்து இறங்கிய துறை அது; அந்தப் படிகள் இன்னும் இருக்கின்றன.

டிக்கெட் பஸ்ஸுக்குள்ளேயே, கண்டக்டரிடம். நான் வந்த புதிதில் ஆயிரம் ரூபாய் நோட்டை நீட்டி அவர் முறைத்தது இன்னும் மறக்கவில்லை. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். 'எக்ஸ்பிரஸ்' என்று பலகை பார்த்து ஏறுங்கள். மற்றது ஊர் ஊராக நின்று போகும்.

திரும்புவதில்தான் கவனம். பொழுது சாய்ந்தால் பஸ் குறைந்துவிடும். மாயேபூரை இரண்டு மணிக்குள் விடுங்கள். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.