புயலுக்கு முன்னால் செய்ய வேண்டியவை: பேரிடர்க் கொள்கை பற்றிய கேள்வி பதில்

பேரிடர் ஆபத்தைக் குறைக்க அரசுகள் என்ன செய்கின்றன, என்ன செய்யத் தவறுகின்றன என்று எது வேண்டுமானாலும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில். மழைக் கணிப்பு என் துறை இல்லை.

ஒடிசாவில் 1999 புயலில் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2019 ஃபானியில் 64 பேர். இருபது வருடத்தில் எப்படி மாறியது? (புவனேஸ்வரில் வேலை பார்ப்பவர்)

எனக்குப் பிடித்த கேள்வி. 1999 அக்டோபர் 29 புயலில் அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 9,885 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒடிசா தனக்கென ஒரு பேரிடர் ஆணையத்தை அமைத்துவிட்டது. மத்தியச் சட்டம் வந்ததே 2005இல்தான்.

கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டினார்கள். அவற்றில் பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள். இதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் புயல் அன்று கழிப்பறையும் வேலை செய்யாது, சாவியும் கிடைக்காது. தினமும் பிள்ளைகள் வந்து போகும் கட்டடம் தயாராக இருக்கும். அப்புறம் ஒவ்வொரு மையத்துக்கும் ஊர்க் குழு, ஒத்திகை. 2013 பைலினுக்குச் சுமார் 10 லட்சம் பேரையும், ஃபானிக்கு 12 லட்சம் பேரையும் முன்கூட்டியே வெளியேற்ற முடிந்தது இதனால்தான்.

வங்கதேசத்தின் கதை இதற்கும் முந்தியது. 1970 போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1972இல் செம்பிறைச் சங்கமும் அரசும் சேர்ந்து தன்னார்வலர் படையைக் கட்டின. கொடி ஏற்றுவார்கள், ஒலிபெருக்கியோடு தெருத் தெருவாகப் போவார்கள். அப்படியும் 1991இல் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். பெண்கள் மிக அதிகம். ஆண்கள் நிறைந்த மையத்துக்குப் போகத் தயங்கினார்கள், பிள்ளைகளையும் வீட்டையும் விட்டு வர முடியவில்லை. பிறகுதான் பெண் தன்னார்வலர்களைப் பெருமளவில் சேர்த்தார்கள். மாடுகளை ஏற்றி நிறுத்த மண்மேடுகளும் உண்டு. மாட்டை விட்டுவிட்டு மனிதர் வரமாட்டார் என்பதைப் புரிந்துகொண்ட திட்டம் அது.

ஆனால் ஃபானியில் ஒடிசாவுக்கு ஏற்பட்ட சேதமும் இழப்பும் சுமார் 24,000 கோடி ரூபாய். ஆளை வெளியேற்றினால் உயிர் பிழைக்கும். வீடும் மின்கம்பமும் தென்னையும் பிழைக்க வேண்டுமென்றால் எங்கே கட்டுகிறோம், எப்படிக் கட்டுகிறோம் என்பதில் கை வைக்க வேண்டும். அதை எந்த மாநிலமும் இன்னும் சரியாகச் செய்யவில்லை.

இந்த வருடம் சென்னை மூழ்குமா? (வேளச்சேரி)

வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

2015 வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதுதானே காரணம்?

அதுவும் ஒரு காரணம். விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்தார்கள். தணிக்கைத் துறையே அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று எழுதியது. ஆனால் முடிச்சூர், தாம்பரம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும் அடையாற்றில்தான் விழுந்தது. அதற்கு மதகும் இல்லை, திறப்பவரும் இல்லை. அந்தத் தண்ணீர் பரவ வேண்டிய இடத்தில் பல ஆண்டுகளாக வீட்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம். திறந்த அதிகாரியைத் தேடுகிற அளவுக்கு மனைப்பிரிவுக்குக் கையெழுத்துப் போட்டவரை யாரும் தேடுவதில்லை. ஆபத்து அந்தக் கோப்பில்தான் பிறக்கிறது.

ஏரிக்குப் பக்கத்தில் மனை. அங்கீகாரம் இருக்கிறது. வாங்கலாமா? (தாம்பரம்)

அங்கீகாரம் இருப்பதால் தண்ணீர் வராது என்று ஆகிவிடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கிராம வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் பாருங்கள். கால்வாய் எங்கே ஓடியது, ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று மனை விற்பவரைக் கேட்காமல் எதிர்வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? (பொருளாதார மாணவி)

15ஆவது நிதிக்குழு 2021-26க்கு மாநிலங்களுக்கு ஒதுக்கிய பேரிடர் நிதி மொத்தம் 1,60,153 கோடி. அதில் 80 சதவீதம் நிவாரணம், மீட்பு போன்றவற்றுக்கு. 20 சதவீதம்தான் பேரிடர் தணிப்புக்கு, அதாவது சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்கு. 2005 சட்டத்திலேயே தணிப்பு நிதிக்கு இடம் இருந்தும், இந்தப் பங்கைப் பிரித்துக் கொடுக்க இத்தனை காலம் ஆனது. தானே செலவழித்து வடிகால் கட்டுகிற மாவட்டத்துக்குக் கைதட்டல் இல்லை. வெள்ளம் வந்தபின் பொட்டலம் கொடுத்தால் புகைப்படம் வருகிறது.

பேரிடர் ஆபத்தைக் குறைப்பதற்கான ஐநா உடன்பாடான சென்டாய் கட்டமைப்பின் நான்கு முன்னுரிமைகளைச் சொல்லுங்கள், தேர்வுக்கு வேண்டும்.

பயிற்சிப் புத்தகம் எதிலும் கிடைக்கும்.

படப்பையில் மனை பார்த்திருக்கிறோம், பக்கத்தில் ஏரி...

மேலே தாம்பரம்காரருக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். தயவுசெய்து படியுங்கள். இதே கேள்வி இன்னும் நிறைய வந்திருக்கிறது, எல்லாருக்கும் அதே பதில்தான்.

2015க்குப் பிறகு எங்களை அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். ஆபத்துக் குறைப்பு என்றார்கள். இங்கேயும் மழை வந்தால் தெருவில் தண்ணீர். வேலை இன்னும் சைதாப்பேட்டையில். இது எந்தக் கொள்கை அண்ணா? (பெரும்பாக்கம்)

உங்கள் கோபம் நியாயமானது தங்கச்சி. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. ஒரு வெள்ளத்திலிருந்து இன்னொரு வெள்ளத்துக்கு மாற்றி, வேலையையும் தூரமாக்கிவிட்டார்கள்.

அதற்காக ஆற்றிலேயே விட்டுவிட வேண்டுமா? அரசு வீடு கொடுத்தது தப்பா? (அடையாறு)

வீடு கொடுத்தது தப்பில்லை. இடம் தப்பு, முறை தப்பு. சுனாமிக்குப் பிறகு 2005இல் தமிழ்நாடு அரசு போட்ட ஆணையைப் பாருங்கள். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த மீனவர்கள் விரும்பினால் தள்ளிப் போகலாம், போகாவிட்டால் பழைய இடத்தில் இருக்கலாம், ஆனால் அங்கே கட்ட உதவி இல்லை என்றது. குறைகள் உண்டு. ஆனாலும் கடல் எட்டும் தூரத்திலேயே வீடு கிடைத்தது, கணவன் மனைவி இருவர் பெயரிலும். பிழைப்பை விட்டுப் பிரிக்காமலே ஆபத்தைக் குறைக்கலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது.

குடிசையை எடுத்தார்கள் சரி, கரையில் இருக்கிற பெரிய கட்டடங்களை? (சைதாப்பேட்டை)

அதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். ஆற்றின் வெள்ளப்பரப்பு எதுவரை என்று வரைந்து, அறிவித்து, ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே விதியாக அமல்படுத்தாத வரை, வெளியேற்றத்தை ஆபத்துக் குறைப்பு என்று சொல்ல எனக்கு மனசு ஒப்பவில்லை. இதற்கு வந்த இன்னும் பல பதில்களைச் சேர்க்க இடமில்லை.

2017 ஒக்கி புயல் சமயத்தில் எச்சரிக்கை வந்தபோது படகுகள் ஆழ்கடலில் இருந்தன. அதற்கு என்ன வழி? (தூத்தூர், கன்னியாகுமரி)

கரையில் அறிவிப்பது ஆழ்கடலில் பல நாள் தங்குபவரை எட்டாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவி ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும். கொடுத்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்று பருவத்துக்கு முன் சோதிக்க வேண்டும்.

எங்கள் ஊராட்சியில் நாங்களே என்ன செய்யலாம்? (கடலூர் மாவட்டம்)

ஆகஸ்ட் 15 கிராமசபை வடகிழக்குப் பருவமழைக்கு முன் வருகிறது. அதில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாகப் போடுங்கள். வரத்துக் கால்வாய் எப்போது தூர்வாரப்படும் என்ற தேதி. வயதானவர், கர்ப்பிணி, நடக்க முடியாதவர் வீடுகளின் பட்டியல், ஒவ்வொரு வீட்டுக்கும் பொறுப்பேற்கும் இரண்டு பேர். மக்களைத் தங்கவைக்கப் போகிற பள்ளிக்கூடத்தின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும் என்பது. தீர்மானத்தின் நகலைத் தாசில்தாருக்குக் கொடுத்து ஒப்புதல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.