அமெரிக்க ராணுவத்தின் டெல்டா சிறப்புப் படையைத் தொடங்கிய சார்லி பெக்வித் தன் முதல் பணியிலேயே தோற்றவர்தானே? பிறகு ஏன் அவரை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

தோற்றவரைக் கொண்டாடக் கூடாது என்றால், எங்கள் பக்கம் ஆடிப் பதினெட்டுக்கு ஓடாநிலையில் யாரும் கூட வேண்டியதில்லை. தீரன் சின்னமலையை 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். இன்றும் மாலை விழுகிறது. அது இருக்கட்டும். பெக்வித் விஷயத்தில் உங்கள் கேள்வியின் முன்பாதியையே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1980 ஏப்ரலில் பிணைக்கைதிகளை மீட்கப் போய் ஈரான் பாலைவனத்தில் அந்தப் பணி தோற்றது உண்மை. ஆனால் அங்கே அவர் சொன்ன ‘முடியாது’தான் அவர் வாழ்நாளிலேயே ஆகச் சரியான உத்தரவு என்பது என் கட்சி.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1929-இல் அட்லாண்டாவில் பிறந்தவர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடினார். 1950-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தும் போகாமல் ராணுவத்தில் சேர்ந்தார். 1962-இல் பரிமாற்ற அதிகாரியாகப் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படைக்கு அனுப்பினார்கள். பளபளக்கும் பூட்ஸும் விறைத்த சல்யூட்டும்தான் ஒழுக்கம் என்று நம்பிப் போனவருக்கு அங்கே தலைசுற்றியது. பதவியைப் பார்த்து யாரும் நடுங்கவில்லை. சிப்பாய் அதிகாரியோடு வாதாடினான். ஆனால் மலேயாக் காட்டில் இறங்கியதும் அவர்கள் வேலை செய்த விதம் வேறாக இருந்தது. அந்தக் காட்டிலேயே எலிக்காய்ச்சல் வந்து சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார்.

ஊர் திரும்பியவர், இப்படி ஒரு படை நமக்கும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அமெரிக்கச் சிறப்புப் படையின் முதன்மையான வேலை அப்போது அயல்நாட்டுப் படைகளுக்குப் பயிற்சி கொடுப்பது. கற்றுக்கொடுக்கிறவர்கள் போதும், நேரே இறங்கிச் செய்கிறவர்கள் வேண்டும் என்பது பெக்வித்தின் வாதம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏறக்குறைய பதினைந்து வருடம் அந்த மனு மேசை மேசையாக அலைந்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1965 போரில் மேஜர் மேக் சிங் தன்னார்வலர்களைச் சேர்த்து எல்லை தாண்டித் தாக்கும் சிறு படை ஒன்றைக் கட்டினார். மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்‌ஷ் சிங் அனுமதி கொடுத்தார், வேலை நடந்தது. அந்த ‘மேக்தூத்’ படையின் வழியில்தான் 1966-இல் 9 பாரா கமாண்டோ பட்டாலியன் பிறந்தது. மேலே இருப்பவர் தலையசைத்தால் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது பாருங்கள்.

பெக்வித் சும்மா காத்திருக்கவில்லை. 1965-இல் வியட்நாமில் ‘புராஜெக்ட் டெல்டா’ என்ற வேவுப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். மறு வருடத் தொடக்கத்தில் ஹெலிகாப்டரில் போகும்போது கனரக இயந்திரத் துப்பாக்கிக் குண்டு வயிற்றைத் துளைத்தது. பிழைக்க மாட்டார் என்று மருத்துவர்களே ஒதுக்கி வைத்தார்கள். எழுந்து வந்து, மறுபடியும் வியட்நாம் போய் ஒரு பட்டாலியனை நடத்தினார்.

கடைசியில் மனுவுக்கு உயிர் கொடுத்தது வெளியுலகம்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்கள் கொல்லப்பட்டது, 1976-இல் என்டபேயில் இஸ்ரேல் படை பிணைக்கைதிகளை மீட்டது, 1977 அக்டோபரில் கடத்தப்பட்ட விமானத்தை மொகடிஷுவில் ஜெர்மன் படை மீட்டது என்று வரிசையாக நடந்த பிறகே அமெரிக்காவுக்கு உறைத்தது. 1977 நவம்பரில் டெல்டா உருவானது. ஃபோர்ட் பிராக் முகாமில் இருந்த ராணுவச் சிறைக் கட்டடம்தான் அதன் முதல் தலைமையகம். ஆள் எடுக்கும் முறை எஸ்.ஏ.எஸ். பாணி: கனத்த மூட்டையோடு தன்னந்தனியாக மலையில் நடக்க வேண்டும்; எத்தனை மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள்; நன்றாகச் செய்தாய், மோசமாகச் செய்தாய் என்றும் சொல்ல மாட்டார்கள். அவனாக நிற்கிறானா, நடக்கிறானா என்பதே சோதனை.

படை தயார் என்று சான்று கிடைத்த கையோடு, 1979 நவம்பர் 4-ஆம் தேதி தெஹ்ரானில் ஈரானிய மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்து, உள்ளே இருந்தவர்களைப் பிணைக்கைதிகளாக வைத்துக்கொண்டார்கள். அவர்களை மீட்பதுதான் டெல்டாவின் முதல் பணி.

இனி அந்த இரவு. நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. கடலில் கண்ணிவெடி அகற்றும் ரகம். கப்பலில் நின்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதும் அவற்றைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். டெல்டா ஆட்கள் சரக்கு விமானங்களில் முன்னதாகவே ‘டெசர்ட் ஒன்’ என்று பெயரிட்ட பாலைவனத் திட்டுக்கு வந்து காத்திருந்தார்கள். தெஹ்ரான் போக ஆறு ஹெலிகாப்டராவது வேண்டும் என்பது முன்பே முடிவான கணக்கு. ஒன்று இறக்கையில் விரிசல் எச்சரிக்கை காட்டியதால் வழியிலேயே கைவிடப்பட்டது. இன்னொன்று புழுதிப் புயலில் கருவிகள் செயலிழந்து கப்பலுக்கே திரும்பியது. மூன்றாவது வந்து சேர்ந்தது. ஆனால் அதன் ஹைட்ராலிக் பம்ப் போயிருந்தது.

கோவை கணபதியில் பம்ப் பட்டறை வைத்திருப்பவன் நான். இந்த இடத்தில் மட்டும் எனக்குத் தனி அக்கறை. ஹெலிகாப்டரைத் திருப்பவும் தூக்கவும் எண்ணெய் அழுத்தம்தான் விமானியின் கை. அதற்கு இரட்டை ஏற்பாடு உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்றில் பறக்கலாம்தான். ஆனால் ஆளும் ஆயுதமும் ஏற்றிய முழுப் பாரத்தோடு, மாற்று இல்லாத ஒரே அமைப்பை நம்பி எதிரி நாட்டுக்குள் மேலும் போவது வேறு. கோடையில் கடலைக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற எங்கள் பல்லடத்து விவசாயி, கைவசம் இன்னொரு மோட்டார் இல்லாமல் கிணற்று மோட்டாரைக் கழற்றவே விடமாட்டார்.

ஆக, மிஞ்சியது ஐந்து. அந்த இடத்தின் பொறுப்பாளரான விமானப்படைக் கர்னல் கைல், ஐந்தோடு போக முடியுமா என்று கேட்டார். இருபது பேரையாவது விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். முடியாது என்றார் பெக்வித். அதிபர் கார்ட்டரும் ஒப்புக்கொண்டார்.

பக்கத்து மில் கேட்டில் காவல் பார்க்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள், இருபது பேர் குறைந்தால் என்ன அண்ணா?” என்று கேட்டேன். “எந்த இருபது, கண்ணு?” என்று திருப்பிக் கேட்டார். சுவரில் ஏறுகிறவனா, கதவை உடைக்கிறவனா, வெளியே தெருவை மறிக்கிறவனா? ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை. எவனை இறக்கினாலும் அந்த வேலை அப்படியே நிற்கும் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

உயிர்ப்பலி நடந்தது அந்த முடிவுக்குப் பிறகு. கிளம்புவதற்காக இடம் மாற்றிய ஒரு ஹெலிகாப்டர், தான் கிளப்பிய புழுதியிலேயே திசை தடுமாறி, எரிபொருள் நிரம்பிய விமானத்தின் மேல் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். ஐவர் விமானப்படை, மூவர் கடற்காலாட்படையான மரைன்கள். எட்டுப் பேரில் டெல்டாக்காரர் யாரும் இல்லை. அதனாலேயே பெக்வித்தின் நடத்தையில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. ஹெலிகாப்டர் விமானிகள் மீது அவர் கொட்டிய கோபம். புழுதிச் சுவருக்குள் குருடர்களைப் போல மணிக்கணக்கில் ஓட்டி வந்தவர்கள் அவர்கள். போதாத ஹெலிகாப்டர்களோடு போட்ட திட்டத்துக்கு ஒப்புக்கொண்டவர்களில் அவரும் ஒருவர்தானே?

பிறகு அட்மிரல் ஹாலோவே தலைமையில் விசாரித்த குழு, கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் திட்டமிட்டிருந்தால் குறைந்தது பத்து, பன்னிரண்டு வரைகூட ஹெலிகாப்டர்கள் கேட்டிருப்பார்கள் என்று எழுதியது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் முப்படைச் சிறப்புப் படைகளுக்கு ஒரே கூட்டுத் தலைமையும், இரவில் பறப்பதற்கென்றே தனி ஹெலிகாப்டர் ரெஜிமென்ட்டும் அமைந்தன. பிணைக்கைதிகள் 444 நாட்களுக்குப் பிறகு, 1981 ஜனவரி 20 அன்று பேச்சுவார்த்தையின் பலனாக விடுதலையானார்கள். பெக்வித் அதே வருடம் ஓய்வு பெற்று, டெக்சாஸில் பாதுகாப்பு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார், 1994-இல் இறந்தார். அவர் கட்டிய டெல்டா இன்றும் பணியில் இருக்கிறது.