ஆங்கிலமும் ஜெர்மனும் தாயும் மகளுமா?

கேள்வி: ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஆங்கில ‘வாட்டர்’ அங்கே ‘வாஸர்’ என்றும், ‘ஆப்பிள்’ ‘ஆப்ஃபெல்’ என்றும், ‘டென்’ ‘ட்ஸேன்’ என்றும் வருகின்றன. ஜெர்மனிலிருந்து பிறந்ததுதான் ஆங்கிலமா?

பதில்: இல்லை, இரண்டும் உடன்பிறப்புகள். இன்றைய வடக்கு ஜெர்மனி, டென்மார்க் கரையோரங்களில் வாழ்ந்த ஆங்கிள், சாக்ஸன் முதலிய குழுக்கள் கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் குடியேறியபோது கொண்டுசென்ற பேச்சே ஆங்கிலமாக வளர்ந்தது. ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட உறவினரின் பேச்சுகளிலிருந்து ஜெர்மனும் டச்சும் உருவாயின.

நீங்கள் கவனித்த வேறுபாடு தற்செயலானதன்று. ஏறத்தாழ 6 முதல் 8-ஆம் நூற்றாண்டு வரையில், ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய தெற்கத்திப் பேச்சுகளில் வல்லின மெய்கள் உருமாறின. சொல்லின் தொடக்கத்தில் நின்ற ‘ட்’ பெரும்பாலும் ‘ட்ஸ்’ ஆகவும், உயிரொலிக்குப் பின் நின்றது ‘ஸ்’ ஆகவும் மாறியது. ‘ப்’ இடத்துக்கேற்ப ‘ப்ஃ’ அல்லது ‘ஃப்’ ஆயிற்று. ‘செய்’ எனப் பொருள்படும் ‘மாகன்’ ‘மாஹன்’ ஆயிற்று. கடல் கடந்துவிட்ட ஆங்கிலத்தை இது தொடவில்லை என்பதால், இந்த மெய்களைப் பொறுத்தவரை பழமையைக் காப்பது ஆங்கிலமே. வடக்கு ஜெர்மனியின் தாழ்நிலப் பேச்சுகளையும் மாற்றம் எட்டவில்லை; ‘மாகன்’, ‘மாஹன்’ வழக்குகளைப் பிரிக்கும் எல்லை, டியூஸல்டோர்ஃப் நகரின் பென்ராத் பகுதியருகே ரைன் நதியைக் கடப்பதால், அதற்குப் பென்ராத் கோடு என்றே பெயர்.

இம்மாற்றத்தைக் கொண்டு ஒரு சொல்லின் வயதையும் ஊகிக்கலாம். திப்பிலிக்கு வடமொழியில் வழங்கிய ‘பிப்பலி’ என்னும் பெயர் கிரேக்கம், லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் மிளகைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் அது ‘பெப்பர்’; ஜெர்மனில் இரண்டு பகரமும் திரிந்து ‘ப்ஃபெஃபர்’. அதாவது, ஒலிமாற்றம் நிகழுமுன்பே மிளகு அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. காகிதத்தைக் குறிக்கும் ‘பப்பீர்’ பல நூற்றாண்டுகள் பிந்தி வந்ததால், அதன் பகரங்கள் அப்படியே இருக்கின்றன.

கேள்வி: ஆங்கிலத்தில் பரிசாகிய ‘கிஃப்ட்’ ஜெர்மனில் நஞ்சானது எப்படி?

பதில்: இரண்டுமே ‘கொடு’ என்னும் வினையடியிலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலத்தில் அது மணப்பெண்ணுக்கான பரிசப்பணத்தைக் குறித்தது. இன்றைய பொதுப்பொருள் ஸ்காண்டிநேவியத் தாக்கத்தால் நிலைத்தது. ஜெர்மனிலோ, ‘கொடுப்பது’ எனப் பொருள்படும் கிரேக்க ‘டோஸிஸ்’ மருந்தின் அளவைக் குறித்ததைப் பின்பற்றி, கொடுக்கப்படும் மருந்து, பிறகு நஞ்சு என்று பொருள் நகர்ந்தது. நஞ்சை நேரடியாகச் சொல்லத் தயங்கிய இடக்கரடக்கலும் இதற்குத் துணைநின்றிருக்கும். பெண்வீட்டார் தரும் சீதனத்துக்கு ஜெர்மானியர் வழங்கும் ‘மிட்கிஃப்ட்’ என்ற சொல்லில் மட்டும் பழைய பொருள் இன்னும் ஒட்டியிருக்கிறது.