தவணைப் படிவத்தில் கையெழுத்திடும் முன்: டேட்டா சயின்ஸ் படிக்க விரும்பும் வாசகருக்குப் பதில்

கேள்வி: பி.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எக்செல் நன்றாகத் தெரியும். டேட்டா சயின்ஸ் பயிற்சிக்காகக் கோவையில் ஓர் இடத்தில் விசாரித்தேன். ஆறு மாதப் பயிற்சிக்கு 1,40,000 ரூபாய். வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்கிறார்கள். பைத்தான் என்ற புரோகிராம் மொழிக்குக் காலம் முடிந்துவிட்டது, இனி ஏஐ-யே புரோகிராம் எழுதிவிடும், எனவே கூடுதலாக 40,000 கட்டி ஜெனரேட்டிவ் ஏஐ வகுப்பிலும் சேர வேண்டும், ஜிபியு என்ற விரைவுச் சில்லு உள்ள லேப்டாப்பும் வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். சேரலாமா? எதைப் படிப்பது?

பதில்: எதைப் படிப்பது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தத் தவணைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். வட்டியில்லாத் தவணை என்று அவர்கள் சொல்வது, பெரும்பாலும், வங்கிசாரா நிதி நிறுவனம் ஒன்று உங்கள் பெயரில் வழங்கும் கடன்தான். கட்டணம் முழுவதும் பயிற்சி நிறுவனத்தின் கணக்குக்கு முதலிலேயே போய்விடும். கடன் மட்டும் உங்கள் பான் எண்ணில் நிற்கும். இரண்டாவது மாதமே ஆசிரியர் விலகிப் போனாலும், நீங்களே பாதியில் நின்றாலும், தவணை நிற்காது. கட்டத் தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண் சரியும், நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். கடன் கொடுப்பவர் ஆண்டு வட்டி விகிதத்தையும் எல்லாக் கட்டணங்களையும் ஒரே இடத்தில் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் கேளுங்கள். கேட்டவுடன் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களையும் நம்பிவிடாதீர்கள். மத்திய அரசில் பதிவு பெற்றது என்று காட்டப்படுவது பல இடங்களில் உத்யம் பதிவுதான். சிறுதொழில் நடத்தும் எவரும் ஆதார் எண்ணைக் கொண்டு, ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல், தாமே விவரம் கொடுத்து அதைப் பெற்றுக்கொள்ளலாம். பாடம் தரமானதா, ஆசிரியர் தகுதியானவரா என்பதை அந்தப் பதிவில் யாரும் சோதிப்பதில்லை. விளம்பரப் பலகையில் நூறு சதவீத வேலை உறுதி என்று எழுதியிருப்பவர்கள், ஒப்பந்தத்தில் வேலைவாய்ப்பு உதவி என்று மட்டுமே எழுதுவார்கள். பட்டம் பெற்ற பிள்ளைகளிடம் இவ்வளவு துணிச்சலாகப் பணம் பறிக்க முடிவதற்குக் கல்லூரிகளும் பொறுப்பு. மூன்று ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்துவிட்டு, ஒரு மாணவரை ஒரு முறைகூட உண்மையான டேட்டாபேஸ் முன்னால் உட்கார வைக்காமல் அனுப்பும் பாடத்திட்டம்தான் இந்த வியாபாரத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. இதை யாரும் திருத்துவதாகத் தெரியவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

இனி படிப்புக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியவை இரண்டு: எஸ்க்யூஎல், பைத்தான். முன்னது டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி, 1970-களில் ஐபிஎம்மில் உருவானது. இன்றும் வங்கி முதல் மருத்துவமனை வரை தரவை எடுக்கும் வழி அதுதான். பின்னது 1991-இல் வெளிவந்தது. அதற்குக் காலம் முடிந்திருந்தால் மைக்ரோசாஃப்ட் 2023-இல் எக்செல்லுக்குள்ளேயே பைத்தானைக் கொண்டுவந்திருக்காது. போலார்ஸ், டக்டிபி என்று புதிய தரவுக் கருவிகளின் பெயர்களைச் சொல்லி யாராவது அச்சுறுத்தினால் பதற வேண்டாம். இரண்டையும் பைத்தானிலிருந்தே இயக்கலாம். டக்டிபி-யிடம் நீங்கள் பேசப்போவதும் எஸ்க்யூஎல்லில்தான். புள்ளியியலுக்கான ஆர் மொழி இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

ஏஐ புரோகிராம் எழுதிவிடும் என்பது உண்மை. ஆனால் அதற்காக 40,000 ரூபாய் கட்டுவதில் பொருளில்லை. உங்கள் அலுவலக வேலையிலிருந்தே ஒன்றைப் பாருங்கள். வங்கியிலிருந்து இறக்கிய ஸ்டேட்மென்டில் 03/04/2025 என்று இருந்தால் அது ஏப்ரல் 3 என்று உங்களுக்குத் தெரியும். தரவைக் கையாள உதவும் ஆயத்த புரோகிராம்களின் தொகுப்பான பைத்தானின் பாண்டாஸ் நூலகமோ, நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால், அமெரிக்க வழக்கப்படி அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். பழைய பதிப்புகளில் இது இன்னும் மோசம்: 13/04 என்று வரும்போது பதின்மூன்றாம் மாதம் இல்லையாதலால் அந்த வரியை மட்டும் சரியாகப் படித்து, மற்றவற்றை மாற்றிப் படித்து, ஒரே நெடுவரிசையில் இரண்டு வழக்கங்களையும் கலந்துவிடும். 2023-இல் வந்த 2.0 பதிப்பு, கோப்பின் முதல் வரியைப் பார்த்து ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்வதால், 13/04 வந்ததும் பிழை காட்டி நிற்கிறது. ஆனால் கோப்பில் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே இருந்தால் இன்றும் எந்த எச்சரிக்கையும் வராது. மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக் கணக்கில் ஏப்ரல் பணம் போய் உட்கார்ந்துவிடும். நாள்தான் முதலில் வருகிறது என்று நீங்கள் சொல்லாதவரை, ஏஐ எழுதித் தரும் புரோகிராமிலும் இதே தவறு நேரலாம். மாத மொத்தத்தைப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. அதே பழக்கத்தை ஏஐ தரும் விடைகளிலும் கடைப்பிடியுங்கள்.

பைத்தான் முழுக்க இலவசம் என்று சொன்னால், ஒரு விதிவிலக்கையும் விளக்கியே ஆக வேண்டும். பயிற்சி வகுப்புகளில் பைத்தானை நிறுவ அனகோண்டா என்ற தொகுப்பைத்தான் வழக்கமாகப் பரிந்துரைப்பார்கள். தனியாகப் படிப்பவருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் அது இலவசம். 2020-இல் அதை வெளியிடும் நிறுவனம் விதிகளை மாற்றியது முதல், 200 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் அதைத் தொழில் பயன்பாட்டுக்கு எடுத்தால் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். கணினி முன் உட்காருபவர்கள் பத்துப் பேர்தானே என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணப்படுவது நிறுவனத்தின் மொத்தப் பணியாளர்கள். தையல் பிரிவையும் சேர்த்தால் உங்கள் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டக்கூடும். மினிகோண்டா என்ற சிறிய தொகுப்பை நிறுவினாலும், அதில் முன்கூட்டியே அமைந்த இணையக் களஞ்சியத்திலிருந்து நூலகங்களை எடுக்கும்வரை இதே விதிதான். அலுவலகக் கணினியில் பைத்தான் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, பைத்தானோடு வரும் பிப் கட்டளையால் பாண்டாஸை நிறுவினால் இந்தச் சிக்கலே எழாது. வீட்டில் எதை வைத்துப் படித்தாலும் பிரச்சினையில்லை. அலுவலகத்தில் நிறுவும் முன் கணினிப் பிரிவிடம் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் விவரங்களை வெளி ஏஐ சேவைகளில் ஒட்டுவதற்கு முன்பும் அனுமதி கேளுங்கள்.

படிக்க என்பிடெல் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே உள்ளன. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் மட்டும் கட்டித் தேர்வு மையத்துக்குச் சென்று எழுத வேண்டும். முறையான பட்டமே வேண்டுமென்றால், சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பைப் பரிசீலிக்கலாம். பாடங்களைக் கேட்பதோடு, ஓர் ஆண்டு ஸ்டேட்மென்டை எடுத்து, எந்த பார்ட்டியிடமிருந்து எத்தனை நாள் தாமதமாகப் பணம் வருகிறது என்பதை நீங்களே பைத்தானில் கணக்கிடுங்கள். பெயர்களையும் கணக்கு எண்களையும் மாற்றிவிட்டு, நிர்வாகத்தின் ஒப்புதலோடு அதை நேர்முகத் தேர்வில் காட்டினால், எந்தத் தனியார் சான்றிதழையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

லேப்டாப்பை இப்போது மாற்ற வேண்டாம். நான் சொன்ன எந்த வேலைக்கும் ஜிபியு தேவையில்லை. 8 ஜிபி ரேம் உள்ள சாதாரணக் கணினி போதும். பிற்பாடு நியூரல் நெட்வொர்க் என்ற ஏஐ முறையைப் பழகும்போது கூகுள் கோலேப் என்ற இணையச் சேவை தரும் இலவச ஜிபியு-வைப் பயன்படுத்தலாம். அதற்கு நேர வரம்பு உண்டு, ஆனால் கற்பவருக்கு அது போதுமானது.