வாசகர் கேள்வி – பதில்: கோபம் என்று நாம் பெயரிடுவது

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 17 வயது. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவன், உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போன பின்னர் தவணைப் பரீட்சைகளில் மிகவும் பின்தங்கிவிட்டான். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இரவில் அழைத்தால் அவர் முதலில் கேட்பது புள்ளியைத்தான். சென்ற மாதம் அவர் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மகன் கைத்தொலைபேசியைச் சுவரில் எறிந்து உடைத்துவிட்டான். "உங்களுக்கு ஒன்றும் விளங்காது" என்பதைத் தவிர என்னுடன் வேறு பேச்சில்லை. இது வயதுக் கோளாறா, குணமே மாறிவிட்டதா?
– ஒரு தாய், பாலையூற்று

பதில்: சகோதரி, குணம் மாறிவிட்டது என்ற முடிவுக்கு இவ்வளவு விரைவில் வந்துவிடாதீர்கள். பதின்ம வயதில் உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் முந்தியே வேகம் பெற்றுவிடுகின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்து "பொறு" என்று தடுக்கும் நெற்றிப்புற மூளைப் பகுதியோ முழுமை பெறுவதற்கு இருபதுகளின் நடுப்பகுதிவரை காலம் எடுக்கிறது. இது உண்மை. ஆயினும் எல்லாவற்றுக்கும் வயதைக் காரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அதே மூளையோடுதான் உங்கள் மகன் நண்பர்களிடம் பொறுமையாக நடந்துகொள்கிறான். தொலைபேசி எந்தக் கேள்விக்குப் பிறகு சுவரில் மோதியது என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி (அதாவது கோபம்), உவகை என எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களையும் வகுக்கிறது. அழுகைக்கு உரிய நான்கில் முதலில் நிற்பது இளிவு, அதாவது பிறர் முன்னே சிறுமைப்பட்டு நிற்றல். இழவும் அசைவும் (தன் நிலையிலிருந்து தாழ்ந்து தளர்தல்) வறுமையும் வரிசையில் அதற்குப் பின்னர்தான் வருகின்றன. ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லி வளர்க்கும் வீடுகளில் இந்த அழுகைக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே அது வெகுளியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. நாமும் உடுப்பைப் பார்த்துவிட்டு, "இவனுக்குக் கோபம் கூடிப்போய்விட்டது" என்கிறோம்.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னால் அது பொய்யாகும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், தொடர்ந்து பிந்தி வந்த மாணவன் ஒருவனை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "நித்திரை முறியவில்லையோ?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் ஒரு சொல்லும் பேசாமல் போய், தன் மேசையை எட்டி உதைத்துவிட்டு அமர்ந்தான். தண்டிப்பதற்காக அருகே சென்றபோதுதான், அவனுடைய மணிக்கட்டில் காய்ந்து ஒட்டியிருந்த மீன் செதில் ஒன்று என் கண்ணில் பட்டது. விடியுமுன் தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு, சரியாகக் கழுவக்கூட நேரமில்லாமல் பாடசாலைக்கு ஓடிவந்திருக்கிறான். அன்று நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யாமல் கரும்பலகைக்குத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்கும் பக்குவம் அன்று எனக்கும் இருக்கவில்லை.

உங்கள் மகனிடம் பேசுவதற்கு முன்னர் கணவரிடம் பேசுங்கள். தொலைவில் உழைக்கும் தகப்பனுக்குப் பிள்ளையின் புள்ளி என்பது, தன் உழைப்பு வீண்போகவில்லை என்பதற்கான சான்று. அவருடைய பதற்றமும் விளங்கிக்கொள்ளத்தக்கதே. இருந்தாலும் ஒரு மாதத்துக்குப் பரீட்சையைப் பற்றிய பேச்சை மகனே எடுக்கட்டும் என்று அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, மகன் ஓரளவு ஆறியிருக்கும் வேளையில், சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் கழுவும்போதோ கடைக்கு ஒன்றாக நடக்கும்போதோ, முகத்துக்கு நேரே நின்று விசாரிக்காமல், "புள்ளி குறைந்ததைவிட, அதை அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்ததுதான் கஷ்டமாக இருந்ததா மகன்?" என்று கேட்டுப் பாருங்கள். உணர்ச்சிக்குப் பெயர் கொடுப்பதே அதன் வேகத்தைத் தணிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு: கலிபோர்னியாவில் செய்யப்பட்டு 2007இல் வெளியான ஆய்வொன்றில், முகங்களில் தெரிந்த உணர்ச்சியைச் சொல்லால் குறித்தவர்களுடைய மூளையில், அச்சத்தோடும் சினத்தோடும் தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி குறைந்தது. அவன் பதில் சொல்லாமலே போகலாம். அதனால் கேள்வி வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

உடைந்த தொலைபேசியைப் பொறுத்தவரை, உடனே புதியது வாங்கிக் கொடுக்காதீர்கள். காரணத்தை விளங்கிக்கொள்வது வேறு, செய்ததை ஏற்றுக்கொள்வது வேறு. அதேவேளை, இரண்டு வாரங்களுக்கு மேலாக நித்திரையோ சாப்பாடோ குலைந்திருந்தால், நண்பர்களையும் தவிர்த்தால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னாலும், பொறுத்துப் பார்க்க வேண்டாம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம்; இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

கேள்வி: எனக்கு 19 வயது. பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். எங்கள் பாடசாலைத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் மற்ற இனத்தவரைக் கேலிசெய்து அடிக்கடி ஏதாவது வரும். நானும் சிரிப்புக் குறி போட்டுவிடுவேன். பிறகு வெட்கமாக இருக்கும். என்னுடைய மனப்பாங்கே இதுதானா?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: தங்கையே, அந்த வெட்கம் உங்களிடம் இருப்பதனால்தான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. இளையோர் தனியே இருக்கும்போது ஒருவிதமாகவும் கூட்டத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்வதை 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று வாகனம் ஓட்டும் கணினி விளையாட்டின் மூலம் காட்டியது. சமவயதினர் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்ம வயதினர் ஏற்றுக்கொண்ட ஆபத்து கூடியது. வளர்ந்தவர்களிடம் அந்த மாற்றம் இருக்கவில்லை. கைத்தொலைபேசியில் அந்தக் கூட்டம் நள்ளிரவிலும் கலைவதில்லை என்பதே உங்கள் தலைமுறையின் சிக்கல்.

மனப்பாங்கு எங்கிருந்து தொடங்குகிறது என்றால், பெரும்பாலும் குசினியில் இருந்து. எந்தக் கடையில் வாங்கலாம், எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்று பெரியவர்கள் பேசுவதைக் காரணம் கேட்கும் வயது வருமுன்னரே பிள்ளை கேட்டுவிடுகிறது. திருகோணமலையில் மூன்று இனத்தவரும் பேருந்து நிலையத்திலும் மீன் சந்தையிலும் தோள் உரசித்தான் நடக்கிறோம். ஆனால் பாடசாலைகள் பெரும்பாலும் மொழியாலும் மதத்தாலும் பிரிந்தே கிடக்கின்றன. தோள் உரசுவது போதாது என்பதை உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார்: இரு தரப்பும் சமநிலையில் நின்று, பொது இலக்குக்காக ஒன்றாக உழைத்து, அதற்கு நிறுவனங்களின் ஆதரவும் கிடைக்கும்போதுதான் முற்சாய்வு, அதாவது மற்றத் தரப்பைப் பற்றி முன்கூட்டியே கொண்டிருக்கும் தவறான எண்ணம், குறையும். ஆகவே இந்தக் காத்திருப்புக் காலத்தில் சிங்கள மொழி வகுப்பிலோ, கணினிப் பயிற்சியிலோ, கடற்கரைத் துப்புரவிலோ மற்றவர்களோடு சேர்ந்து ஏதாவது செய்யுங்கள். குழுவில் உபதேசம் எழுதாதீர்கள். அது அடுத்த கேலிக்கு விறகாகிவிடும். நம்பிக்கையான தோழி ஒருத்திக்குத் தனியாக, "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். உங்களைப் போலவே, தனித்துப்போய்விடுவோம் என்ற அச்சத்தில் சிரிப்புக் குறி போட்டவள் அவளாகவும் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் காலத்தில் 18 வயதிலேயே குடும்பத்தைச் சுமந்தோம். என் பேரனுக்கு 22 வயதாகியும் பக்குவமில்லை. செல்லம்தானே காரணம்?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், உவர்மலை

பதில்: செல்லமும் ஒரு காரணம்தான், ஐயா. ஆனால் சுமந்தவர்கள் எல்லாரும் பக்குவப்பட்டவர்களா என்பதை உங்கள் தலைமுறையிலேயே எண்ணிப் பாருங்கள். சுமையை வீட்டில் உள்ளவர்கள்மீது எரிந்து விழுந்தே தீர்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! பேரனுக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே திருத்திக்கொண்டு போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும் வேலையை அவனிடம் விட்டுவிடுங்கள். பேரம் பேசத் தெரியாமல் பாரைக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு வந்தாலும், அன்றைக்கு மட்டுமாவது விலையைக் கேட்காமல் சாப்பிட்டுப் பாருங்கள்.